மேட்டுத் தெருவின் மனப்பான்மை

நகரி மேட்டுத் தெருவின் டிரான்ஸ்பார்மர் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் வெடித்தது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஒரு சத்தம், கொஞ்சம் புகை, கம்பத்தடியில் படுத்திருந்த நாய் புத்தூர் திசையில் எடுத்த ஓட்டம், அவ்வளவுதான். பிறகு தெருவிலிருந்த பவர்லூம் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய ஒரு கைக்குழந்தை, சத்தம் நின்றதும் திடுக்கிட்டு விழித்து அழுதது.

குழந்தை இருந்தது அலர்மேல்மங்கையின் வீட்டில். தெருவில் அவளை மங்கா என்பார்கள். முன்கூடத்தில் இரண்டு தறி, பின்னால் ஒரே அறை, அதில் ஒரு மின்விசிறி, ஒரு குழல்விளக்கு, ஒரு மிக்சி. அவள் வீட்டின் மின்சார வாழ்க்கை இவ்வளவுதான். கணவன் ஆதிநாராயணன் தறி ஓட்டுகிறவன். அதிகாரி யாரையாவது கண்டால் தோளில் இருக்கும் துண்டு தானாகவே இறங்கிக் கைக்கு வந்துவிடும் சுபாவம். அவனுடைய தங்கை அக்ஷயா தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண் என்பதால் பிரசவம் பார்த்ததும் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்ததும் அண்ணி மங்கைதான்.

லைன்மேன் சீனு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

"எரிஞ்சி போச்சிக்கா."

"அது எங்களுக்கும் தெரியுது. எப்போ மாத்துவே?"

"டிரான்ஸ்பார்மர் புத்தூர் ஸ்டோர்ல ரெடியா கீது. முன்னே மாதிரின்னா நாளைக்கே மாட்டிடுவேன். இப்போ புது ரூல் வந்துக்கீது. திருப்பதியில ஒரு மையம் தொறந்துக்கிறாங்கோ. அவங்க சர்டிபிகேட் குடுத்தாதான் ஸ்டோர்ல கேட்டைத் திறப்பாங்கோ."

"இன்னா சர்டிபிகேட்?"

சீனு கொஞ்சம் வெட்கப்பட்டான். "தெருவோட மனப்பான்மை நல்லா கீதுன்னு."

அவன் சொன்ன இடத்தின் முழுப் பெயர் மண்டலக் காலநிலை மனப்பான்மை மேம்பாட்டு மையம். அதன் நோக்கம் எளிமையானது. பூமி சூடாகிறது. சூட்டைக் குறைக்க மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். மின்சாரத்தைக் குறைக்க மக்களின் மனம் மாற வேண்டும். மனம் மாறிவிட்டதா என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும். இதில் ஒரு வரியைக்கூடக் குறை சொல்ல முடியாது. மையம் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு நான்கு மாடியில் ஒரு கட்டடம் கட்டிக்கொண்டது.

மறுநாள் மையத்திலிருந்து கணக்கெடுக்க சுரேஷ்பாபு வந்தான். நாயுடுபேட்டைப் பக்கத்துப் பிள்ளை. தமிழும் தெலுங்கும் அவன் வாயில் ஒரே பஸ்ஸில் பயணம் செய்தன. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் வியர்வை. உள்ளே வந்ததும் முதல் கேள்வியாக, "சார்ஜ் போட பிளக் பாயிண்ட் எக்கட உந்தம்மா?" என்றான். மங்கை அவனையே பார்த்தாள். அவன் நிலைமையைப் புரிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"செப்பண்டம்மா. வீட்டில் ஏ.சி. எத்தனை?"

"ஏ.சி. இல்ல தம்பி."

"வரும் ஆண்டில் ஏ.சி. பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளத் தயாரா?"

"இல்லாததை இன்னான்னு குறைக்கிறது?"

"அப்போ 'தயாரில்லை'." அவன் விரலால் தொட்டான். "ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துவீர்களா?"

"கீறதே ஒரு ரூம். அது ஆளில்லாம எப்போ இருந்துச்சி?"

"'நிறுத்துவதில்லை'. வாஷிங் மெஷினில் துணியைக் குளிர்ந்த நீரில் துவைக்கிறீர்களா?"

"கையால தொவைக்கிறேன்."

"'மெஷினில் குளிர்ந்த நீர் பயன்படுத்துவதில்லை'." சுரேஷ்பாபுவுக்கே மனசு கேட்கவில்லை. "குறைக்கிறேன்னு ஒண்ணாவது சொல்லுங்கம்மா. குறைச்சாதான் மார்க்கு வரும்."

"ஹரிபாபு வீட்டுல எவ்ளோ மார்க்கு?"

ஹரிபாபு மெயின் ரோட்டில் மூன்று மாடி வீடும் கிரானைட் கடையும் வைத்திருப்பவர். அறைக்கு ஒரு ஏ.சி., பூஜை அறைக்கும் ஒன்று. எல்லாவற்றையும் பதினெட்டு டிகிரியிலிருந்து இருபத்துநாலுக்கு ஏற்றியதாக அவர் சொன்னார். அத்துடன் துருவக்கரடிகளை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னார். மையம் அவருக்கு முழு மதிப்பெண் போட்டு, 'பசுமை மனம்' என்று ஒரு பலகை கொடுத்தது. அதை அவர் வாசலில் மாட்டி, இரவெல்லாம் தெரியும்படி இரண்டு விளக்கும் போட்டிருந்தார்.

"அடுத்தது முக்கியமான கேள்வி," என்றான் சுரேஷ்பாபு. "காலநிலை மாற்றம் குறித்து உங்கள் மனநிலை என்ன? மிகவும் கவலை, ஓரளவு கவலை, கவலை இல்லை."

பின்னறையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அக்ஷயா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். மங்கை கேள்வியை நிஜமாகவே யோசித்தாள். ஐந்தாறு வருஷமாக வெயில் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. தறி இரும்பைத் தொட்டால் கை பொரிகிறது. முன்பு மாசியில் பனி இருந்தது. இப்போது மாசியிலேயே தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை போடவேண்டியிருக்கிறது. அதையெல்லாம் நினைத்தால் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. ஆனால் அது கவலை இல்லை.

"கோவந்தான் வருது," என்றாள்.

சுரேஷ்பாபு டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அந்த ஆப்ஷன் லேதம்மா."

"எழுதிக்கோ."

"எழுத முடியாது. தொடத்தான் முடியும்." அவன் பெருமூச்சு விட்டு, 'கவலை இல்லை' என்பதைத் தொட்டான். "சரி, கடைசியா ஒரு உறுதிமொழி. படிச்சிட்டுக் கைரேகை வெச்சிடுங்க. இது ஒண்ணு வெச்சாலே பாதி மார்க்கு."

உறுதிமொழி பெரிய எழுத்தில் இருந்தது: 'நிலவும் வெப்பத்துக்கு நானும் என் இல்லத்தின் மின் பயன்பாடுமே காரணம் என்பதை உணர்ந்து வருந்துகிறேன்.'

மங்கை அதை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். தலைக்கு மேலே ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை விசிறியைப் பார்த்தாள்.

"வெக்கமாட்டேன்," என்றாள்.

ஆதிநாராயணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "சார், நான் வெக்கிறேன் சார். எனக்குக் கவலை கீது சார். ரொம்பவே கீது."

"வீட்டுக்கு ஒரு மனப்பான்மைதான் சார். ஆல்ரெடி மேடமுது ஏறிடிச்சி," என்று சுரேஷ்பாபு எழுந்தான். போகும்போது கதவில் செங்கல் நிறத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினான். 'கவனம் தேவைப்படும் இல்லம்' என்று அதில் இருந்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் பச்சை.

தெரு தோற்றுப் போனது. தேறுவதற்கு எண்பது வேண்டும்; மேட்டுத் தெரு அதற்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. யாருடைய வீடு இழுத்துவிட்டது என்பதை மையம் ரகசியமாக வைத்திருந்தது. கதவில் மட்டும் ஒட்டியிருந்தது.

சாயந்திரமே எதிர்வீட்டு ரத்னம்மா வந்துவிட்டாள். தெருவிலேயே பெரிய தொண்டை அவளுடையது.

"ஏன்மே மங்கா, ஒனக்கு இன்னா வந்துச்சி? ஒரு ரேகை வெக்கிறதுக்கு வெரல் தேஞ்சா பூடும்? எங்க வீட்டுக்காரர் ராவெல்லாம் இழுத்துக்கினு மூச்சு விடமுடியாம ஒக்காந்துக்கினு கீறாரு. நாங்க வெக்கல? கவலைன்னு சொல்லு, என்னாலதான்னு சொல்லு, போய்க்கினே இரு. அவங்க இன்னா நம்மள ஜெயில்லயா போடப்போறாங்க?"

"நீ இன்னாக்கா தப்பு பண்ணே, ஒன்னாலதான்னு சொல்லிக்கினே?"

"தப்பு பண்ணாத்தான் சொல்லணுமா? கரெண்ட் வேணும், சொன்னேன்!"

ரத்னம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் வீட்டிலும் புழுக்கத்தில் ஒரு மனிதன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டுதான் இருந்தான். தன்னுடைய பிடிவாதம் தெருவுக்கே பாரமாகிவிட்டது என்பது மங்கைக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வாசகத்தை நினைக்கும்போதெல்லாம் விரலை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அன்று யாரும் அவள் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டுக்கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திருப்பதிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. மனப்பான்மைத் திருத்தப் பயிற்சி. மங்கை ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்துப் போனாள்.

மையத்தின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சால்வை போர்த்தினாள். மரியாதைக்கு என்று மங்கை நினைத்தாள். கூடத்துக்குள் கால் வைத்ததும் காரணம் புரிந்தது. பல் கிட்டிக்கொண்டது. காளஹஸ்தி, சத்தியவேடு, பலமநேர் என்று பல ஊர்களிலிருந்து மனப்பான்மை சரியில்லாதவர்கள் வந்து, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக்கொடுத்துப் பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் ஒற்றை விசிறிக்காரர்கள். ஒருவருக்கு வீட்டில் மின் இணைப்பே கிடையாது. மின்சாரத்தைக் குறைக்க மறுத்தவர் என்று கூட்டிவந்திருந்தார்கள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே திரைச்சீலைகளை இழுத்து மூடி, எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய பலகை: 'மனம் மாறும் வரை பயிற்சி இலவசம். உணவும் தங்குமிடமும் மையமே வழங்கும்.'

மைய இயக்குநர் முனைவர் விஜயராகவன் கோட்டுக்குள் கழுத்துக்குட்டையும் கட்டியிருந்தார். நல்ல மனிதர். பேசும்போது குரல் தழுதழுக்கும்.

"தாய்மார்களே, பெரியோர்களே! இந்தக் கூடம் ஏன் இவ்வளவு குளிர்கிறது என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டும். சூடேறிய மூளையால் சூட்டைப் பற்றிச் சிந்திக்க முடியாது என்பது எங்கள் மையத்தின் கண்டுபிடிப்பு. உங்களுக்காக நாங்கள் இந்தக் குளிரைத் தாங்கிக்கொள்கிறோம். எங்கள் கட்டடத்தின் மின் பயன்பாட்டையும் விடாமல் அளந்து வருகிறோம். அளப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்குத் தனிக் குளிர்சாதனம் இருக்கிறது. பயன்பாடு வருடாவருடம் கூடித்தான் வருகிறது. நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றிய எங்கள் மனப்பான்மை மிகச் சிறப்பாக இருக்கிறது!"

முன்வரிசையில் இருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள். அப்போது பட்டென்று மின்சாரம் போனது. யாரும் மூச்சுவிடுவதற்குள் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பார்த்தீர்களா," என்றார் இயக்குநர் மனம் நெகிழ்ந்து. "மின்சிக்கனப் பிரச்சாரம் ஒரு நொடிகூடத் தடைபடக் கூடாது."

மதியத்துக்குமேல் முகப் பயிற்சி. ஒவ்வொருவரையும் ஒரு கேமராவின் முன் நிறுத்தினார்கள். நெற்றிச் சுருக்கத்தை வைத்து அது கவலையை அளக்குமாம். மங்கையின் முகத்தைக் கண்டதும் இயந்திரம் துள்ளியது. 'மிகமிகக் கவலை' என்று காட்டியது. அங்கிருந்த உதவியாளர் முகம் மலர்ந்தார். பிறகு கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"செல்லாதும்மா. பயிற்சிக்கு முன்னாடியே இருந்த கவலை இது. எங்களால வந்த கவலையா இருக்கணும்."

கடைசியாக உறுதிமொழி. எல்லோரும் வரிசையாகப் போய் மேடையில் கைநீட்டி, 'நானே காரணம்' என்று சொல்லிவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு, வெளியே வெயிலுக்கு ஓடினார்கள். மின் இணைப்பே இல்லாதவரும் சொன்னார். சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மங்கை அதைக் கவனித்தாள். தன் முறை வந்தபோது கையை நீட்டாமல் நின்றாள்.

"சொல்லுங்கள் அம்மா," என்றார் விஜயராகவன்.

"சார், சூடு ஏறிப்போச்சின்னு யாரும் வந்து எனக்குச் சொல்லவேணாம். என் வீட்டுல வந்து ஒருநாள் குந்திக்கினு பாருங்க, தெரியும். ஏறினது நெசம். ஆனா அதை ஏத்துனது நான்தான்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்க பாருங்க, அது முடியாது."

"யார் ஏற்றியது என்பதா முக்கியம்? யாராவது பொறுப்பேற்க வேண்டும் அம்மா."

"அப்போ நீங்க ஏத்துக்கோங்க."

இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "நாங்கள் ஓர் அமைப்பு. அமைப்பால் பொறுப்பேற்க முடியாது அம்மா. பொறுப்பை ஒப்படைக்கத்தான் முடியும்."

அன்று மங்கை தேறாமல் ஊர் திரும்பினாள். அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். முதுகெல்லாம் வேர்க்குரு கொப்புளமாகி, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். அக்ஷயா அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா மருந்து கொடுத்தார்; பிறகு, "வெக்கை தாங்கல. இந்தப் பிள்ளையைக் குளுந்த எடமா பாத்து வெச்சிக்கோங்க. வீட்டுல இப்படியே வெச்சிருந்தா ஆபத்து," என்றார்.

திரும்பி வரும் வழியில் அக்ஷயா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அந்த ரேகையை வெச்சிடக் கூடாதா? புள்ளைக்காக."

மங்கை பிள்ளையின் முதுகில் முந்தானையால் விசிறிக்கொண்டே நடந்தாள். வைத்துவிடலாம் என்றுதான் அந்த நிமிஷம் அவளுக்கும் தோன்றியது. பிள்ளையை விடப் பெரிய ரோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் ரேகை வைத்தாலும் அது திருப்பதி போய், கோப்பாகி, புத்தூர் வந்து, கேட் திறக்கிறவரை பிள்ளை தாங்குவானா? குளுந்த இடம் என்றாரே டாக்டரம்மா. அவளுக்குத் தெரிந்த குளுந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே மனம் மாறும் வரை சோறும் போடுகிறேன் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுத்த சண்டைக்கு வந்த ரத்னம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கமே கெளம்பிட்டே?"

"திருப்பதிக்கு. என் மனசு இன்னும் மாறல. மாறுற வரைக்கும் அங்கியே கீறேன், புள்ளையோட."

ரத்னம்மா படியேறி உள்ளே வந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "உள்ள சில்லுனா கீது?"

"பல்லு ஆடுது."

"எங்க வீட்டுக்காரரைக் கூட்டியாந்தா சேத்துக்குவாங்களா?"

"ஒனக்குத்தான் நல்ல மனசுன்னு பச்சை ஒட்டிக்கிறாங்களேக்கா. கெட்டவங்களைத்தான் சேத்துக்குவாங்க."

ரத்னம்மா நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். கதவில் இருந்த பச்சைக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். சுரேஷ்பாபுவுக்கு போன் போட்டாள். அவள் பேசியது தெருவுக்கே கேட்டது.

"தம்பி, எனக்கு அந்தக் கவலை இருந்துச்சே, அது பூடிச்சி. ஆமா, இல்ல இப்போ. என்னால ஒண்ணும் சூடு ஏறல. எழுதிக்கோ. தொடு, எதையாவது தொடு!"

அன்று பொழுது சாய்வதற்குள் மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்கும் கவலை இல்லாமல் போய்விட்டது. சுரேஷ்பாபுவுக்கு போன் மேல் போன். "ஒரே நாள்ல இத்தனை பேருக்கு எலா போயிந்தம்மா, எப்படிப் போச்சி?" என்று அவன் அழாத குறையாகக் கேட்டான். "கரெண்ட் போன மாதிரிதான் தம்பி, படார்னு போச்சி," என்றார்கள்.

மறுநாள் காலை பாசஞ்சரில் ஒரு பெட்டி முழுக்க மேட்டுத் தெரு ஏறியது. குழந்தையோடு அக்ஷயா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரத்னம்மாவின் கணவர், பாய், தலையணை, புளிச்சோற்றுத் தூக்கு. ஆதிநாராயணனும் வந்தான். துண்டு எப்போது வேண்டுமானாலும் இறங்கத் தயாராகத் தோளிலேயே இருந்தது.

விஜயராகவன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஒரு தெருவே திருந்துவதற்காகத் தானாகத் திரண்டு வருவது மையத்தின் வரலாற்றில் இல்லாத ஒன்று. புகைப்படம் எடுத்தார்கள். மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மேலிடம் பாராட்டியது. கூடத்தில் பாய் விரித்தாகிவிட்டது. சாயந்திரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, தறிச் சத்தம் மாதிரியே ஓடிய ஜெனரேட்டர் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினான். அக்ஷயா மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வகுப்புகள் நடந்தன. எல்லா வகுப்புக்கும் எல்லோரும் வந்தார்கள். குறிப்பெடுத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் இயக்குநர், "மனம் மாறியதா?" என்று கேட்பார். "இன்னும் மாறல சார்," என்று கூடம் முழுக்க ஒரே குரலாக வரும். சாப்பாட்டு மணி அடிக்கும்.

நாலைந்து நாள் இப்படியே போனதும் மேலிடம் பாராட்டுவதை நிறுத்திவிட்டு விளக்கம் கேட்டது. வருகை முழுசு, மாற்றம் சைபர். இப்படியும் ஒரு பயிற்சி உண்டா? விஜயராகவன் மங்கையைத் தனியாக அழைத்தார்.

"அம்மா, உங்கள் தெருவில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மாறிவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். உள்ளே மாற வேண்டாம். வெளியே மாறினால் போதும். நாங்கள் வெளியே மட்டும்தான் அளக்கிறோம்."

"எங்க தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் மாட்டச் சொல்லுங்க சார். மறுநிமிஷமே கெளம்பிடுறோம்."

"சான்று இல்லாமல் எப்படி? விதி என்று ஒன்று இருக்கிறதே?"

"எனக்கும் ஒண்ணு கீது சார்."

அன்று மதியம் இயக்குநர் ஒரு கடினமான முடிவெடுத்தார். கூடத்தின் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னார். ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னார். புழுக்கம் தாங்காமல் ஓடிவிடுவார்கள் என்பது திட்டம். கட்டடத்தில் நாலு மாடிக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்தான் என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை.

கூடம் சூடேறியது. மேட்டுத் தெருக்காரர்களுக்கு ஊருக்குப் போன மாதிரி இருந்தது. பெண்கள் எழுந்து திரைச்சீலைகளைக் கழற்றினார்கள்; தீ விபத்து நேரத்தில் மட்டும் திறக்கவேண்டிய கதவுகளைத் திறந்து செங்கல் முட்டுக்கொடுத்தார்கள்; சால்வைகளைத் தண்ணீரில் முக்கி வாசலில் தொங்கவிட்டார்கள். அக்ஷயாவும் குழந்தையும் காற்று வரும் கதவோரம் படுத்தார்கள். ரத்னம்மாவின் கணவர் மூச்சு விடுவதைத்தான் மங்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்ததும் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மாடிகளில் கதை வேறு. அங்கே ஜன்னல்கள் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் கோட்டுகள் கழன்றன. பிறகு கழுத்துக்குட்டைகள். அளக்கும் பிரிவினர் அளவுகருவிகளை விட்டுவிட்டு மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்தார்கள். வெப்பத்துக்கேற்ப வாழப் பழகுதல் என்ற பாடத்தை நடத்தும் துணை இயக்குநர் நாற்காலியிலேயே சரிந்தார். மேட்டுத் தெரு ஆண்கள்தான் போய் அவரைத் தூக்கிவந்து கதவோரம் கிடத்தினார்கள். ரத்னம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுதிய பாடநூலாலேயே விசிறினாள்.

விஜயராகவன் படியிறங்கி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. குரல் தழுதழுக்கவில்லை; கிழிந்திருந்தது.

"இது மனிதன் இருக்கக்கூடிய வெப்பமா? ஒரு மணி நேரம் ஆகவில்லை, என் ஆட்கள் செத்துவிடுவார்கள் போல் இருக்கிறது! இதில் எப்படி அம்மா இருக்கிறீர்கள்?"

பதில் சொன்னது ஆதிநாராயணன். துண்டு தோளிலேயே இருந்தது.

"இருக்க முடியல சார். அதுக்குத்தான் இங்க வந்தோம்."

இயக்குநர் அவனைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். அவசரகால மனப்பான்மைச் சான்று என்று ஒன்றை அந்த நிமிஷமே ஏற்படுத்தி, அந்த நிமிஷமே வழங்கினார். பொழுது போவதற்குள் சீனுவிடமிருந்து மங்கைக்கு போன் வந்தது. பின்னால், காவலுக்கு ஊரில் தங்கியவர்கள் ஓட்டும் தறிகளின் சத்தம் கேட்டது.

"வந்துடிச்சிக்கா! கேக்குதா?"

பாயைச் சுருட்டினார்கள். கூடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்தார்கள். ரத்னம்மா துணை இயக்குநருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு வந்தாள். எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போவதற்காகக் கட்டடத்தின் பக்கச் சுவரை ஒட்டிய சந்தில் நடந்தார்கள்.

அந்தச் சந்தில் சின்னச் சின்னக் கடைகள். பூ கட்டுகிறவள், செருப்புத் தைக்கிறவர், வேர்க்கடலை வண்டி. அவர்கள் பாதிச் சந்தைக் கடந்தபோது தலைக்கு மேலே தடதடவென்று ஒரு சத்தம் எழுந்தது. அண்ணாந்து பார்த்தார்கள். நான்கு மாடிச் சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஏ.சி. பெட்டிகள். ஒவ்வொன்றாக உயிர் வந்து சுழல ஆரம்பித்தன. உள்ளேயிருந்த சூட்டையெல்லாம் அள்ளிச் சந்தில் கொட்டின. அனல் மங்கையின் பிடரியில் அடித்தது. பூக்காரி பூ வாடாமல் ஈரத்துணியை எடுத்து அதன் மேல் மூடினாள். தினமும் செய்கிற வேலை போல, மேலே பார்க்காமலே.

மங்கை நின்றுவிட்டாள்.

"வா மங்கா, வண்டி போய்டும்," என்றாள் ரத்னம்மா.

மங்கை பக்கவாசலில் நின்ற கட்டடத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். "இந்தாய்யா, இது யாரோட சூடு?"

அவன் விழித்தான். "ஆபீஸ் சூடும்மா."

"அப்போ ஆபீஸை வெளிய வரச் சொல்லு. இங்க நின்னு இந்தக் கடைக்காரங்க மூஞ்சைப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போகச் சொல்லு."

வாட்ச்மேன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தோளிலிருந்த பையை இறக்கிப் பூக்காரியின் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டிகளுக்கு நேர் கீழே, அனலிலேயே உட்கார்ந்தாள். ஆதிநாராயணன் குழந்தையோடு அக்ஷயாவைச் சந்தின் முனையில் அனல் படாத இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ரத்னம்மா, "இந்தப் பொம்பளையோட ரோதனையா பூடிச்சி," என்று திட்டிக்கொண்டே பாயை விரித்தாள். செருப்புத் தைக்கிறவர் ஊசியை வைத்துவிட்டு அவர்களைப் பார்த்தார். எதற்காக என்று கேட்கவில்லை. தன் கோணிப்பையை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தார். வேர்க்கடலைக்காரரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தூரத்தில் பாசஞ்சர் ஊதிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது மாடியில் ஒரு திரைச்சீலை கொஞ்சம் விலகி, மறுபடியும் மூடிக்கொண்டது. யாரும் இறங்கி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டி நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம். அது வெட்கத்தாலா, இவர்கள் மறுபடி உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயத்தாலா என்பதை மையத்தின் ஆண்டறிக்கை சொல்லவில்லை. சந்து அமைதியானது. பூக்காரி ஈரத்துணியை எடுத்துவிட்டு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

"நாளைக்கு மறுபடி போடுவாங்கக்கா," என்றாள் மங்கையிடம்.

"போட்டா ஒக்காரு," என்றாள் மங்கை. "நீ இங்கியேதானே கீறே."